வீட்டுக்காரர்

என் அறையை அளக்க வந்த ஆள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வரவழைக்க வேண்டுமென்றால் ஆளுக்கு இத்தனை சதுர அடி இருந்தாக வேண்டுமாம். சுவரோரமாக டேப்பை இழுத்தான், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான், குளியலறையில் ஒரே ஒரு பிரஷ் இருப்பதைக் குறித்துக்கொண்டான். வராத ஆளுக்கு பிரஷ் எங்கிருந்து வரும்? கேட்டால் கோபக்காரன் என்று அதையும் எழுதிக்கொள்வான்.

எனக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. ரத்தம், சீழ், இன்னும் வாயால் சொல்ல முடியாததெல்லாம் ஒட்டிய விரிப்புகளைப் பிரித்து மெஷினில் போட வேண்டும். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை. குமட்ட வைத்தது குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம்தான்.

விஷயம் இதுதான். மகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் அனுமதி கிடைத்துவிட்டால் அவள் சட்டப்படி குழந்தை. அம்மாவோடு கிளம்பி வந்துவிடலாம். ஒரு நாள் தாண்டினாலும் அவள் யாரோ, நான் யாரோ. அதனால் மனைவியின் நேர்காணலுக்கு ஒரு மாதம் போனிலேயே பாடம் எடுத்தேன். கல்யாணத் தேதி, என் ஷிப்ட் நேரம், அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் தலைகீழாக ஒப்பித்தாள். இந்த வயசில் என்னை ஸ்கூலில் சேர்க்கப் போகிறீர்களா என்று கிண்டல் வேறு. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

நேர்காணல் வீடியோவில் நடந்தது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெண். இங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழை வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். யாரோடு தங்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரரோடதான்" என்றிருக்கிறாள் என் மனைவி.

மாதாமாதம் செலவுக்கு அனுப்புவது யார்? வீட்டுக்காரர். மகளுக்குப் பொறுப்பு யார்? அதுவும் வீட்டுக்காரர்தான். கல்யாணமான நாளிலிருந்து வெளியாட்களிடம் அவள் என்னை வேறெப்படியும் சொன்னதில்லை. அந்தப் புண்ணியவதியோ ஒவ்வொரு தடவையும் அதை வாடகைக்கு விடும் வீட்டுச் சொந்தக்காரர் என்று மொழிபெயர்த்துத் தள்ளியிருக்கிறாள்.

ஐந்து வாரம் மிச்சமிருந்தபோது கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தன் கணவரைப் பற்றி ஒரு முறைகூடக் குறிப்பிடவில்லை. வீட்டு உரிமையாளர் ஒருவர் பல ஆண்டுகளாக அவருக்குப் பணம் தருகிறார். அவருடன் ஒரே அறையில் வசிக்கப்போவதாகவும் கூறுகிறார். உறவின் தன்மை ஐயத்துக்குரியது. மகளின் நலன் கருதியும் அனுமதி மறுக்கப்படுகிறது.

மகளின் நலன் கருதியாம். த்தூ! ஒரு பொம்பளையை இதைவிடக் கேவலமாக எழுத முடியுமா? எழுதிவிட்டு முத்திரை வேறு குத்தியிருந்தார்கள். மனைவியிடம் சொல்ல எனக்கு நாக்கூசியது. நான் சொல்வதற்குள் அவர்களுக்கும் நகல் போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவிக்குக் கடிதத்தின் மொழி தெரியாது. பதினேழு வயசு மகள்தான் ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குப் படித்து அர்த்தம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாளே அலுவலகத்துக்கு ஓடினேன். டோக்கன் எடுத்து மூன்று மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். கவுன்டர் அம்மாள் நன்றாகவே பேசினாள். ஒரு வார்த்தைக் குழப்பம்தான், சரி செய்துவிடலாம், புதிதாக ஒரு நேர்காணல் வைக்க வேண்டும் என்றாள். எப்போது என்றேன். பதினோரு வாரம் கழித்து. மகளின் பிறந்த தேதியைக் காட்டினேன். அவசரம் என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். அந்த டிக்கால் ஒரு புல்லும் அசையவில்லை.

இரண்டாவது நேர்காணலில் என் மனைவி செய்தி வாசிப்பவள் மாதிரி கணவர், கணவர் என்றே பேசினாள். அவளுக்கு அனுமதி கிடைத்தது. மகளுக்குப் பதினெட்டு முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது, தனியாக வாழத் தகுதியுள்ளவர் என்று எழுதிவிட்டார்கள்.

திரும்பவும் அதே கவுன்டர். தப்பு உங்களுடையதுதானே என்றேன். யார் தப்பு என்பதை விதி பார்க்காது, முடிவெடுக்கும் நாளில் என்ன வயது என்பதைத்தான் பார்க்கும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்கு உதவி செய்கிறாளாம்.

"இங்கே இருக்கிற யாருக்காவது பொண்ணைக் கட்டிக் கொடுத்துடுங்க. அந்த வழியில சீக்கிரம் வந்துடலாம்."

அம்மாவை அப்படி எழுதிய அலுவலகம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்கிறது. வராந்தாவுக்குப் போய் மனைவியைப் போனில் கூப்பிட்டேன். மகளை ஹாஸ்டலில் விட்டு வருகிறாயா என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. மகள் பக்கத்திலிருந்து, நீ போம்மா, நான் இருந்துக்கிறேன் என்பது கேட்டது. அம்மா அவளை அதட்டி அடக்கினாள்.

"இவளை விட்டுட்டு நான் வர மாட்டேன். எட்டு வருஷம் போதும். நீங்க வந்துடுங்க."

ஊரில் எனக்கு வேலை இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

உள்ளே திரும்பி வந்து, என் வசிப்புரிமையைத் திருப்பிக் கொடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். இன்னொரு டோக்கன் எடுக்கக் கையை நீட்டினேன்.

"அதுக்கு டோக்கன் வேண்டாம்" என்றாள் கவுன்டர் அம்மாள். "இப்பவே முடிச்சிடலாம்."

மேல் டிராயரிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பேனாவையும் அவளே கொடுத்தாள். எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம் ஆனது.