தெருவுக்கே ஒரு நெஞ்சு

உலைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் வேலைக்குப் போகிற ஆண்கள் நிறைய. நம்பி ஊதக்கூடிய நெஞ்சு ஒன்றே ஒன்று. அது துருத்தி என்று தெருவே கூப்பிடுகிறவனுடையது. பேண்டு செட்டில் பெரிய குழல் ஊதுகிறவன். கல்யாணம் ஆகி மனைவி வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டவன் என்பதால் தெருவில் பாதிப் பேருக்கு மாமா.

உலைக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு தரம் ஊதும் சோதனை. குழாயில் வாயை வைத்து ஊத வேண்டும். முள் பச்சைக் கோட்டைத் தாண்டினால் வேலை உண்டு. தாண்டாவிட்டால், 'உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று ரொம்ப அன்பாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பகலெல்லாம் பழைய ஈயத்தை உருக்கி, ராத்திரி அதே புகையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனுக்கு அந்தக் கோடு எட்டாது. ஆகவே நெஞ்சு தேய்ந்தவர்கள் டோக்கனைத் துருத்தியிடம் கொடுத்துவிடுவார்கள். அவன் இரவல் சீருடையில், காதுவரை தொப்பியை இழுத்துவிட்டு, முகமூடியோடு உள்ளே போவான். கம்பவுண்டர் ஆள் முகத்தைப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர். டோக்கனைப் பார்ப்பார், முள்ளைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒரே ஆள் ஊதியதுபோல் இருக்கக்கூடாதென்று துருத்தி ஒருத்தருக்கு முழு மூச்சு, ஒருத்தருக்கு முக்கால் என்று அளந்து விடுவான். கச்சேரியில்கூட அவன் அவ்வளவு நுணுக்கம் காட்டியதில்லை.

நாலு வருஷமாக நடக்கிற காரியம். இந்த வருஷம்தான் சிக்கல்.

போன மாதம் ஓர் ஊர்வலத்தில் நீளமான சுரம் ஒன்றைப் பிடித்தவன் பாதியில் விட்டுவிட்டான். நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. பேண்டு மாஸ்டர் குழலை வாங்கிக்கொண்டு ஜால்ராவைக் கையில் கொடுத்தார். ஜால்ரா தட்டி மேலே போனவர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. ஜால்ராவுக்கு இறங்கி வந்தவன் இவன் ஒருத்தன்தான். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

சட்டைப் பை நிறைய டோக்கன்களோடு சோதனை அறைக்கு வெளியே நின்றான். மைத்துனன் கடைசியாகத் தன்னுடையதை நீட்டினான்.

"மாமா, எனக்குக் கொஞ்சம் தாராளமா ஊதுங்க. போன தடவை கோட்டை உரசிக்கிட்டு நின்னுச்சு."

"உன் மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தின்னு விட்டேன்."

மைத்துனன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "பாப்பாவுக்கு நேத்தும் இழுப்பு. ஆஸ்பத்திரி அட்டை இருக்கப்போய் மருந்து கிடைக்குது. வேலை போச்சுன்னா அட்டையும் போச்சு. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

சொல்லிவிடலாமா என்று துருத்திக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவன் வேறு யாரிடம் ஓடுவான்? "முதல்ல உன்னோடதையே ஊதிடறேன்டா" என்று உள்ளே நுழைந்தான்.

உள்ளே கூட்டம். நகராட்சி அதிகாரி வந்திருந்தார். பக்கத்தில் காற்று நிபுணர், புகைகூட வாடகை கட்ட முடியாத மேட்டுத் தெருவில் குடியிருப்பவர், கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நகரத்துலயே வாடகை குறைஞ்ச தெரு இது. புகை அதிகமான தெருவும் இதுதான். ஆனா நுரையீரல் மட்டும் முதல் தரம். வருமானம், புகை, வியாதி மூணுக்கும் முடிச்சுப் போடறவங்க வாயை இந்த ஜனங்க அடைச்சுட்டாங்க. இவங்க உடம்பு புகைக்குப் பழகிப்போச்சு சார்."

அதிகாரி தலையை ஆட்டினார். அந்த ஆராய்ச்சியை நம்பித்தான் மைத்துனன் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இரண்டாவது உலைக்குக் கயிறு கட்டி அளந்திருந்தார்கள். முதல் தரமான அந்த நுரையீரல் அத்தனையும் தன் ஒரு வாயிலிருந்து போனவை என்று துருத்திக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றாக ஊதினால் உலை வரும். ஊதாவிட்டால் அட்டை போகும்.

"டோக்கன்" என்றார் கம்பவுண்டர்.

முகமூடியை இறக்கி, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி ஊதினான். முள் கிளம்பியது, பாதியில் நடுங்கியது, விழுந்தது.

கம்பவுண்டர் நிமிர்ந்து, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிடலையா? இன்னொரு தரம்."

இரண்டாம் தரம் கண் இருட்டியது. முள் முன்னைவிடக் கீழேயே நின்றுவிட்டது. பேச்சு நின்று, நிபுணர் பக்கத்தில் வந்தார்.

"எந்தத் தெரு இவர்?"

"பின்னால இருக்கே, அதே தெருதான் சார்."

"அப்ப இப்படி வராது." கருவியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "மிஷின் போச்சு."

"காலையிலதான் புதுசாப் பிரிச்சேன் சார்."

"நாலு வருஷ ஆராய்ச்சி பொய்யா, இந்த டப்பா பொய்யா?"

கம்பவுண்டருக்குக் குடும்பம் குட்டி இருந்தது. "டப்பாதான் சார்."

"மிஷின்ல ஒண்ணும் இல்லைங்க" என்றான் துருத்தி. "எனக்குத்தான் முடியல."

நிபுணர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதீங்க. உங்க நுரையீரல் எப்படின்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும்."

வேறு கருவி வரவழைத்துத் திங்கட்கிழமை எல்லாரும் ஊத வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வெளியே வந்ததும் மைத்துனன் பாய்ந்தான். "தாண்டிச்சா?"

"பாதியில நின்னுடுச்சு. மிஷினைக் குத்தம் சொல்லித் திங்கக்கிழமைக்குத் தள்ளிட்டாங்க." வெளியே காத்திருந்த வரிசை முழுவதும் கேட்கிற மாதிரி துருத்தி சொன்னான்: "மிஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் போயிட்டேன். குழலைப் பிடுங்கி ஒரு மாசம் ஆச்சு."

"திங்கக்கிழமைக்கு அந்த நிபுணர் நெஞ்சை இரவல் கேப்போமா?" என்றான் பின்னால் ஒருத்தன்.

மைத்துனன் துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தத் தெருவுக்கு வந்தப்போ ராத்திரியெல்லாம் குழல் ஊதி எங்களைத் தூங்கவிட மாட்டீங்க. எத்தனை வருஷம் இருக்கும் மாமா?"

"ஆறு."

"பாப்பாவுக்கு இந்தப் புகையில அஞ்சு ஆச்சு" என்றான் மைத்துனன். அப்புறம் கையை நீட்டினான். "என் டோக்கனைக் குடுங்க."

"அட்டை போயிடும்டா."

"நான் ஒருத்தன் தோத்தா அட்டை போகும். எல்லாரும் அவனவன் நெஞ்சால ஊதினா எத்தனை பேரை அனுப்புவாங்க? உலையை யாரு கிளறுவா, அந்த நிபுணரா?"

வரிசையில் எங்கேயோ ஒருத்தர் இருமினார். உலை வாயிலேயே தலை நரைத்த ஒருவர் வந்து துருத்தியின் பைக்குள் கைவிட்டுத் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டார். பிறகு இன்னொருத்தன். பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்.

சங்கு ஊதியதும் எல்லாரும் வேலைக்குக் கலைந்தார்கள். பையில் இன்னும் இரண்டு டோக்கன் கிடந்தன. யாருடையவை என்று துருத்தி பார்க்கவில்லை.