ஐந்து வருஷம் நீடித்த செவ்வாய்க்கிழமை

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்சந்தில், ஆடிட்டர் அப்துல் வஹீத் வீட்டில், 1933-ஆம் வருஷம் மார்ச் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை ஐந்து வருஷமும் இரண்டு மாதமும் நீடித்தது. சந்தின் மற்ற வீடுகளில் புதன்கிழமை வழக்கம்போல வந்தது. அந்த மாதம் அரிசி விலை இறங்கியிருந்ததால் சனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வஹீத் வீட்டிலும் பொழுது விடியத்தான் செய்தது, சாயத்தான் செய்தது. காலண்டரில் தாளைக் கிழித்தால் அடியிலும் அதே தாள் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் வஹீத்துக்குக் கோர்ட்டு சம்மன் வந்தது. மாம்பலத்துப் பக்கம் தியாகராய நகர் என்று புதிதாக மனை பிரித்துக் கொண்டிருந்த காலம். வீடு கட்டக் கடன் தருகிறோம் என்று சுபோதய நிதி என ஒன்று அங்கே நடந்தது. மனை வாங்கியவர்கள் தங்கள் நகைகளை அதன் இரும்புப் பெட்டியில் அடகு வைத்திருந்தார்கள். காரியதரிசி ஸ்ரீரங்கன் ஒரு நாள் ரங்கூனுக்குக் கப்பலேறிய பிறகு பெட்டியைத் திறந்தால், உள்ளே துணியில் சுற்றிய செங்கல். முந்தின வருஷத்து ஆடிட் அறிக்கையிலோ, "பெட்டியைத் திறந்து சரிபார்த்தேன்" என்று வஹீத்தின் கையெழுத்து. தெரிந்தே பொய்ச்சான்று கொடுத்தார் என்று போலீசார் அவர்மேல் வழக்குப் போட்டார்கள்.

வஹீத்தின் தகப்பனார் செருப்புக்கு ஜரிகை தைத்தவர். அந்தக் குடும்பத்தில் சர்க்கார் முத்திரை போட்ட காகிதம் ஒன்று வந்ததென்றால் அது வஹீத்தின் ஆடிட்டர் லைசென்ஸ்தான். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். வருஷா வருஷம் மார்ச் முடிவதற்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது, உன்மேல் ஏதாவது வழக்கு உண்டா என்று கேட்பார்கள். இதைச் சொல்லிக்கொண்டு அவர் வடக்கு மாடவீதி வக்கீல் சுவாமிநாதனிடம் போனார்.

"ஓய் வஹீத் சாயபு, ஜெயிலைப் பத்தி நேக்குக் கவலையில்லை," என்றார் வக்கீல். "கவனக்குறைவுன்னு ஒத்துண்டா அம்பது ரூபா அபராதத்தோட விட்டுடுவா. ஆனா அம்பது ரூபான்னாலும் தண்டனை தண்டனைதான். லைசென்ஸ் கொடுத்தவா அடுத்த தபால்லயே பிடுங்கிண்டுடுவா. அதனால வாயைத் திறக்கப்படாது. கேஸ் முடியறவரைக்கும் உம்மாத்துல ஒரு துரும்பு அசையப்படாது. இன்னிக்கு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. காலையில் காய்ச்சிய பால் திரியவில்லை, தீரவும் இல்லை. வஹீத்தின் மனைவி அஃப்சருன்னிசா தலையில் வைத்திருந்த மல்லிகை வாடவில்லை. அவளுக்கு அப்போது வயது இருபத்து நான்கு, வயிற்றில் ஏழு மாதம். கேட்கிறவர்கள் பயப்பட வேண்டாம், இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. பட்டினப்பாக்கத்து மீன்காரி ஒருத்தி, விற்காத மீனைச் சாயங்காலம் அவர்கள் கொல்லையில் வைத்துவிட்டுக் காலையில் பிடித்தது போலவே எடுத்துக்கொண்டு போனாள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைச் சிலர் தூக்கி வந்து பார்த்தார்கள். காய்ச்சல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று தெரிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எழும்பூர் கோர்ட்டில் வாய்தாமேல் வாய்தா. வஹீத் வாயைத் திறக்கவில்லை. அவர் போய்வருவதால் வீட்டுத் தேதிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியில் கழித்த நேரத்துக்கு மட்டும் அவருக்கு வயது ஏறியது. தாடியில் நரை வந்தது. அவரை ஏற்றிப்போகும் ஜட்கா வண்டிக்காரன் கபாலி வழியெல்லாம் பேசுவான்.

"இன்னா சாயபு, உங்கூட்ல இன்னும் செவ்வாக்கெயமதானா? நம்ம பொண்டாட்டிய அங்க ஒரு மாசம் உட்டுட்டா தேவல. சனிக்கெயம கூலிய குடுன்னு கேக்கமாட்டா பாரு."

வஹீத் சிரிப்பார். சிரிப்பது எப்படி என்று நினைவு வைத்திருந்து சிரிப்பது போல இருக்கும்.

இரண்டாம் வருஷம், லைசென்ஸை ஏன் புதுப்பிக்கவில்லை என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். காலண்டரைப் பார்த்தார். பாலை முகர்ந்து பார்த்தார். கெடு முடிய இன்னும் இருபத்து நான்கு நாள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு வஹீத் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து போட்ட கையெழுத்தெல்லாம் செல்லுபடியானது. நாலைந்து கடைக்காரர்கள் அங்கேயே வந்து வாங்கிப் போனார்கள்.

மருத்துவச்சி ஜைதூன் பீ மாதம் ஒரு முறை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். மூன்றாம் வருஷம் அவள் வஹீத்திடம், "இது ஏழு மாசத்துலயே நிக்குது. பொண்ண ராயப்பேட்டையில தாய்வீட்டுக்காவது அனுப்பு, அங்கன தேதி நடக்குது," என்றாள். ஜட்கா வந்து நின்றது. அஃப்சருன்னிசா ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்தாள். வக்கீல் சொன்ன துரும்பு அசைந்துவிட்டது போலச் சுவரில் காலண்டர் தாள் படபடத்தது. சட்டத்துக்குள் லைசென்ஸின் ஓரம் மஞ்சளாயிற்று. வஹீத் அதைப் பார்த்தார்.

"உள்ளே வா," என்றார்.

அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். கபாலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அஃப்சருன்னிசாவின் தங்கை ஜஹீதா அக்காவைவிட மூன்று வயது இளையவள். செவ்வாய்க்கிழமை தொடங்கியபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பிறகு ஆயிற்று. இரண்டு பிள்ளைகள் பிறந்தன. வரும்போதெல்லாம் அக்காவை "ஆபா" என்று கூப்பிட்டுக் கட்டிக்கொள்வாள். ஐந்தாம் வருஷம் ஒரு நாள் அப்படிக் கட்டிக்கொண்டபோது கண்ணாடியில் இருவர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தது. ஜஹீதாதான் மூத்தவளாக இருந்தாள். பிள்ளைகளுக்கு அந்தப் பாலையே கொடுத்துவிட்டு ஜஹீதா போய்விட்டாள்.

அன்று வஹீத் வந்ததும் அஃப்சருன்னிசா சொன்னாள்: "என்னாங்க, அது தினம் அஸர் தொழுகை நேரத்துல ஒரு தடவை உதைக்குது. இடது பக்கம். அஞ்சு வருஷமா அதே உதைதான். வேற ஒண்ணு உதைச்சதே இல்ல."

வஹீத் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

"நான் ஒண்ணு கேக்கணும். அந்தப் பெட்டியில அன்னிக்கு என்னா இருந்துச்சு?"

வக்கீல்கூட இதைக் கேட்டதில்லை, கேட்கக்கூடாதென்றே கேட்கவில்லை. வஹீத் தரையில் உட்கார்ந்தார்.

"பார்க்கல," என்றார். "ரம்ஜான் மாசம். நோன்பு திறக்க நேரமாயிடுச்சு. ஸ்ரீரங்கன் சாவியக் கையில வச்சுக்கிட்டு, 'போங்கோ சாயபு, ஆத்துல கஞ்சி ஆறிண்டிருக்கும்'னார். பிரியமாத்தான் சொன்னார். கையெழுத்தப் போட்டுட்டு வந்துட்டேன்."

"அன்னிக்குக் கஞ்சி அடிப்பிடிச்சுப் போச்சு," என்றாள் அவள்.

"ஆமா. குடிச்சேன்."

அடுத்த வாய்தாவில், யாரும் கேட்காமலே வஹீத் எழுந்து நின்று, பெட்டியை நான் திறக்கவில்லை, பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதினேன் என்றார். சுவாமிநாதன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். மாஜிஸ்திரேட்டு இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டு, ஐம்பது ரூபாய் அபராதம் போட்டார். படியிறங்கும்போது வக்கீல், "அஞ்சு வருஷமா நான் கட்டினதை அரை நிமிஷத்துல இடிச்சுட்டீரே, ஓய்," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சரி, சரி. சீக்கிரம் ஆத்துக்குப் போம்," என்றார்.

கோர்ட்டில் அவர் வாயைத் திறந்த அதே நேரத்தில் மயிலாப்பூரில் பால் திரிந்தது. மல்லிகை பொடியாகி அஃப்சருன்னிசாவின் தோளில் உதிர்ந்தது. காலண்டரில் ஒரு தாள் தானாக விழுந்தது. அடியில் 1938, மே மாதம், சந்தில் மற்றவர்களுக்கு என்ன தேதியோ அதே தேதி. கண்ணாடிச் சட்டத்துக்குள் லைசென்ஸ் ஐந்து வருஷத்தையும் ஒரே மூச்சில் கடந்து பழுத்துப்போய்க் காலாவதியானது. அதை ரத்து செய்வதாகப் பிறகு ஒரு கடிதம் வந்தபோது ரத்து செய்ய எதுவும் மிச்சமிருக்கவில்லை. அஃப்சருன்னிசா திரிந்த பாலைக் கொட்டப் போனாள். பாதி வழியில் நின்றாள். வலது பக்கம் ஒரு உதை.

ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. சகினா என்று பெயர் வைத்தார்கள். கார்ப்பரேஷன் குமாஸ்தா, கர்ப்பம் எத்தனை மாதம் என்று கேட்டு, பதிலைக் கேட்டு, சம்பந்தமில்லாத கேள்வி என்று அதை விட்டுவிட்டான். வஹீத் அடையாற்றில் ஒரு காகிதக் கிடங்கில் சரக்குப் பார்க்கும் வேலைக்குப் போனார். ஒவ்வொரு கட்டையும் பிரித்து உள்ளே கைவிட்டுப் பார்த்தபிறகுதான் எழுதுவார் என்பதால் அங்கே லாரிகள் வெகுநேரம் காத்து நின்றன. கூடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதில் பிறகு குழந்தையின் குல்லாயை மாட்டினார்கள்.

நாற்பதாம் நாள் ஜஹீதா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அஃப்சருன்னிசா, "வாங்க ஆபா," என்றாள். ஜஹீதா மற்றச் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு உள்ளே வந்து, "குழந்தைக்குப் பால் போதுதா, தங்கச்சி?" என்று கேட்டாள்.