இமனாலி வீட்டுக்குப் போகும் கார்

கோச்கோரில் மாட்டு டாக்டர் கொய்ச்சுமான் வாங்கிய பழைய கார், அதன் கார்புரேட்டர் அவன் வீட்டுச் சமையலறையில் பெட்ரோல் சட்டியில் ஊறிக்கொண்டிருந்தபோதே, தானாகக் கிளம்பி முந்தைய சொந்தக்காரர் இமனாலியின் வீட்டுக்குப் போய்விட்டது. நல்ல பகல் வேளை, அதுவும் சந்தை நாள். உருளைக்கிழங்கு விலை இறங்கியிருந்ததால் தெருவில் கூட்டம் அதிகம், பார்த்தவர்களுக்குக் குறைவில்லை. ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை என்பதையும், பாலத்தருகே திரும்பும்போது வண்டி முறையாக விளக்குப் போட்டது என்பதையும் போக்குவரத்துப் போலீஸ்காரரே சொன்னார். விதியை மீறாத வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்று அவர் எங்களையே கேட்டார்.

மூக்கில் பாயும் மான் பொம்மை வைத்த சாம்பல் நிறக் கார் அது. சோவியத் காலத்தில் அதில் அதிகாரிகள் மட்டுமே போனார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே கொய்ச்சுமானுக்கு அதன்மேல் ஒரு கண். இமனாலிக்குக் கண்ணில் புரை விழுந்து, எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாமல் போனதும், ஓடிப்போய் வாங்கினான். அதுவரை குதிரையில் போய் வைத்தியம் பார்த்தவன், காரையும் அப்படியே பார்க்கத் தொடங்கினான். பானெட்டில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டான். சக்கரம் முனகியபோது குளம்புப் புண்ணுக்குப் போடும் களிம்பைத் தடவினான். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பேட்டரியும் பெட்ரோல் பம்பும் பிளக்கும் வாங்கி வந்து மாட்டினான். கார் இரண்டு தரம் இருமும், பிறகு அடங்கிவிடும். ஒவ்வொரு முறை பூட்டி முடித்ததும் கையில் சில திருகாணிகள் மிஞ்சின. மாட்டுக்கு ஆபரேஷன் செய்து தைத்த பிறகு எதுவும் மிஞ்சியதில்லை என்பதால் அவற்றை மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தான்.

அப்படிப்பட்ட கார்தான், பாதி உறுப்பு இல்லாமல், ஏற்றமான பாதையில் அடுத்த ஊர்வரை போயிருந்தது. கொய்ச்சுமான் குதிரையில் துரத்திப் போனபோது அது இமனாலியின் வாசலில் நின்று, சீராக, அவன் ஒருநாளும் கேட்டிராத குரலில் உறுமிக்கொண்டிருந்தது.

“வா தம்பி, உன் வண்டி வந்திருக்கு. நான் கூப்பிடல, சத்தியமா” என்றார் இமனாலி.

“கார்புரேட்டர் எங்க வீட்ல இருக்குண்ணே! எப்படி வந்துச்சு?”

“அத ஏன் எங்கிட்ட கேக்குற? இந்தக் கழுதையத்தான் கேக்கணும்” என்று டயரில் ஓர் உதைவிட்டார். எஞ்சின் சத்தம் இன்னும் இனிமையானது. கொய்ச்சுமானுக்கு அங்கேதான் தீப்பிடித்தது. அவன் வாரந்தோறும் மெழுகு போட்டுத் துடைக்கிறான். கிழவர் உதைக்கிறார். இருந்தும் அது அவரிடம்தான் குழைகிறது.

குதிரையில் கட்டி இழுத்து வந்தான். பிரேக்கை இறுக்கிக்கொண்டே வந்தது. அந்தக் கோடை முழுக்க இதேதான் நடந்தது. இவன் எதையாவது கழற்றுவான், அது போய்விடும், இவன் போய் இழுத்து வருவான். ஒருநாளும் அது தானாகத் திரும்பியதில்லை. அவன் மனைவி கானிஷாய் வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பாள்.

“நான் கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போனப்போ ஒரு தரமாவது இப்படி ஓடி வந்தீங்களா?”

“நீ தானா வந்துடுவன்னு தெரியும்டி.”

“அதான பாத்தேன்” என்று உள்ளே போய்விடுவாள். அன்றைக்கு டீயில் பால் இருக்காது.

எங்கள் பக்கத்தில் மாடோ குதிரையோ விற்றால் தலைக்கயிற்றை விற்றவரே வைத்துக்கொள்வார், கொட்டிலின் யோகம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. இமனாலியும் சாவியைக் கொடுக்கும்போது அது கோத்திருந்த தோல்வாரை உருவி வைத்துக்கொண்டிருந்தார். விற்ற குதிரைகள் கட்டறுத்துக்கொண்டு பழைய கொட்டிலுக்கே ஓடுவதைத் தொழிலில் எத்தனையோ பார்த்தவன் கொய்ச்சுமான். விஷயம் அதில்தான் இருக்கிறது என்று போய்ச் சண்டை பிடித்தான். இமனாலி மறுபேச்சுப் பேசாமல் வாரைக் கொடுத்துவிட்டார். மறுநாளே கார் மறுபடி அவர் வாசலில் நின்றது.

“வாருல ஒண்ணும் இல்ல தம்பி” என்றார் கிழவர், கொஞ்சம் வெட்கத்தோடு. “அதுக்கு என்னைப் பிடிச்சிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?” இதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

இலையுதிர் காலத்தில் இமனாலி இறந்துபோனார். செய்தி வந்ததும் கொய்ச்சுமானுக்கு முதலில் வந்தது நிம்மதி, வெட்கம் அதற்குப் பிறகுதான். பிணம் வைத்த கூடாரத்தை நோக்கி ஆண்கள் தூரத்திலிருந்தே ஓலமிட்டபடி வருவது எங்கள் வழக்கம். கார் தெருமுனையிலிருந்தே ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. உறவுமுறையில் அது செய்ய வேண்டியதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். சத்தம் கொஞ்சம் நீளம் என்று மட்டும் சிலர் குறைப்பட்டார்கள். அடக்கம் முடிந்து பார்த்தபோது காரின் இருக்கைகள் எல்லாம் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தன. இறந்தவனின் குதிரைக்குச் சேணத்தைத் திருப்பிக் கட்டி ஒரு வருஷம் யாரும் ஏறாமல் விடுவது அந்தக் காலத்து முறை. துக்கத்தில் இருக்கும் வண்டியைத் தொடக் கூடாது என்று கொய்ச்சுமானுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இழுத்து வந்து முற்றத்தில் நிறுத்தினான். அதன்மேல் பனி விழுந்தது, உருகியது. அந்த வருஷம் அவன் பட்ட பொறாமை முன்பு பட்டதைவிட மோசம். உயிரோடு இருப்பவனிடம் போய்ச் சண்டையாவது பிடிக்கலாம்.

இமனாலிக்கு ஒரு வருஷம் நிறைந்து, நினைவு விருந்து முடிந்த மறுநாள் இருக்கைகள் முன்பக்கம் திரும்பின. சாவியைத் திருப்பியதும் கார் ஒரே மூச்சில் கிளம்பியது. பிறகு அது எங்கும் நின்றதில்லை, இருமியதில்லை. பிரசவத்தில் கன்று மாட்டிக்கொண்ட பசுவைப் பார்க்க மலையேறும்போதுகூட முனகவில்லை. ஊரே அவனைக் கொண்டாடியது. அவனுக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தியது. சொன்ன வேலையைச் செய்கிறது, பிடித்துச் செய்கிறதா என்று தெரியவில்லை.

இறந்தவர்களுக்காக எண்ணெய் காயவைத்து ரொட்டி பொரிக்கும் ஒரு வியாழக்கிழமை, வாசனை தெருவில் பரவியதும், கார் முற்றத்திலிருந்து கிளம்பி இமனாலியின் ஊர் இடுகாட்டுப் பக்கம் போனது. கொய்ச்சுமான் சேணத்தை எடுத்தான். பிறகு கீழே போட்டான்.

“போய் இழுத்துட்டு வரலயா?” என்றாள் கானிஷாய்.

“எத்தன தரம்டி போறது? அங்கயே கிடக்கட்டும்.” அவள் டீ ஊற்றிக் கொடுத்தாள். அன்று பால் இருந்தது.

இருட்டுவதற்குச் சற்று முன் வாசலில் ஹார்ன் கேட்டது. கார் நின்றுகொண்டிருந்தது. சக்கரமெல்லாம் இடுகாட்டுச் செம்மண். கொய்ச்சுமான் கேட்டைத் திறந்தான், அது உள்ளே வந்து தன் இடத்தில் நின்றுகொண்டது. இவ்வளவு நேரமா என்று அதட்டி டயரில் ஓர் உதைவிட்டுவிட்டு, வாளியில் தண்ணீர் எடுக்கப் போனான்.