பாதி வெட்டிய தலை

இன்னும் முக்கால் மணி நேரத்தில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. அவன் தலையிலோ வலப்பக்கம் மட்டுமே முடி வெட்டப்பட்டிருந்தது. தெருவில் இரு பெண்களுக்குள் சண்டை மூண்டதும் முடிதிருத்துபவர் கத்தரியும் கையுமாக வாசலுக்குப் போய்விட்டார். மாடிவீட்டுப் பூந்தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டுப் போர்வையில் சொட்டியதாம்.

"அண்ணே, என் மீதித் தலை?"

"இருப்பா, பாதிச் சண்டையில எப்படி வர்றது?"

பொறுமையிழந்த அவன், கழுத்தில் கட்டிய துணியோடு அந்த இரு பெண்களுக்கும் நடுவே போய் நின்றான். "அக்கா, சீக்கிரம் சமாதானமாகுங்க. எனக்கு நேரமாச்சு!"

அவன் தலையைக் கண்டதும் இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. அடுத்த நொடியே முடிதிருத்துபவர் பக்கம் திரும்பினார்கள். "ஏன்யா, புள்ளைய இந்தக் கோலத்துல விட்டுட்டு வேடிக்கையா பாக்குற?"

இருவரும் இடுப்பில் கைவைத்துக் கடைவாசலில் காவல் நிற்க, இடப்பக்கம் பத்தே நிமிடத்தில் முடிந்தது.