யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்

வெல்டிங் பட்டறைக்காரர் தன் பெயர்ப்பலகைக்காக ஸ்டூலில் காத்திருந்தார். அச்சுக்கடையின் ஜன்னலோரக் கணினியில் அக்கா எழுத்துகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், முதலாளி முதல் கூரியர் கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அக்காதான்.

"எழுத்தை இன்னும் கொஞ்சம் தடியாக்கும்மா."

"தடியாக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் சார். பஸ்ல போறவங்க பார்த்தா தார் பூசின மாதிரி இருக்கும்."

பட்டறைக்காரர் சிரித்தார். பலகையின் வலது மூலையில், முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டபடி ஒரு வெல்டர் நின்றார். அது அவரேதான். தீப்பொறி தின்ற பாதிப் புருவத்தைக்கூட அவள் விடவில்லை. எட்டு மாதத்துக்கு முன் அவருடைய பட்டறை வாசலில் உட்கார்ந்து அவள் பென்சிலால் வரைந்த படம்.

அக்கா கல்லூரியில் கற்றவள் இல்லை. இந்தக் கடைக்கு உறை ஒட்டத்தான் வந்தாள். பத்து வருடத்தில் அவள் கற்றதெல்லாம் இணையத்தில் சும்மா கிடைத்தது. எழுத்துருக்கள், படங்கள், எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்ற அட்டவணைகள், பாடங்கள். முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ போட்டு வைத்தவை. எடுத்துக்கொண்டே இருந்தவளுக்கு, தானும் எதையாவது கொடுக்க வேண்டும் என்று ஒருநாள் மனசு உறுத்தியது. தெரிந்தவர்களை எல்லாம் உட்கார வைத்து வரைந்தாள்: நர்ஸ், கண்டக்டர், தையல்காரி, வெல்டர். மொத்தம் முப்பத்திரண்டு படங்கள். ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி, கீழே எழுதினாள்: 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்க வேண்டாம்.' கைகளை எப்படி வரைவது என்று ஒரு சின்ன வீடியோவும் போட்டாள்.

"ஊருக்கே வாரிக் குடுக்கற மகாராணி, எனக்கு ஒரு டீ கிடைக்குமா?" என்று லாரி ஓட்டிவிட்டு வந்த கணவன் கேலி செய்தான். ஆனால் யாரோ ஓர் ஆசிரியை, வகுப்புச் சுவர் முழுக்க அந்தப் படங்களை ஒட்டிப் புகைப்படம் அனுப்பியபோது, அதை நாலு பேருக்குக் காட்டியதும் அவன்தான்.

பலகை ஏறிய பத்தாம் நாள் அச்சுக்கடைக்குக் கடிதம் வந்தது. பெரிய விளம்பர நிறுவனம் ஒன்று அனுப்பியிருந்தது. வெல்டர் படம் தங்களுக்குச் சொந்தமாம்; அதன் நகலையும் இணைத்திருந்தார்கள். பலகையை இறக்காவிட்டால் வழக்காம். அக்கா தளத்தைத் திறந்தாள். அவள் பக்கம் இருந்த இடத்தில் 'புகாரின் பேரில் நீக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி இருந்தது.

முதலாளி கடிதத்தை மேசைமேல் தள்ளி வைத்தார். "எதுக்கும்மா பெரிய இடத்து வம்பு? பலகையை இறக்கிட்டு வேற படம் போட்டுக் குடு."

"நாளைக்கு அரை நாள் லீவு குடுங்க முதலாளி. நான் பார்த்துட்டு வர்றேன்."

"பார்த்துட்டு?"

"பேசிட்டு."

நிறுவனத்தின் வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். மடியில் பென்சில் நோட்டு. எதிர்ச்சுவரில் அவளுடைய நர்ஸ் ஆளுயரத்தில் நின்றாள். கோடுகள் கொஞ்சம் தடித்திருந்தன, உடை நீலமாகியிருந்தது. அக்கா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள். நிறம் நன்றாகத்தான் இருந்தது.

மேலாளர் மரியாதையானவர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். "இதெல்லாம் எங்க டிசைனர் சொந்தமா வரைஞ்சதுங்க" என்று சொல்லி ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்றவளுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். அட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அக்கா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து, கடிதத்தோடு வந்த நகலையும் சேர்த்து மேலாளர் முன் வைத்தாள்.

"இது பென்சில்ல போட்டது. தேதி இருக்கு. இந்த வெல்டர் எங்க தெருமுனையில இருக்காரு. வாங்க, புருவத்தை நேர்லயே காட்டறேன். உங்க படத்துலயும் அதே பாதிப் புருவம்தான் இருக்கு. உங்க டிசைனர் அவரை எங்க பார்த்தாங்களாம்?"

மேலாளர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "சரிங்க. ஆனா நீங்க ஃப்ரீயாத்தானே குடுத்திருக்கீங்க?"

"ஆமா. எல்லாருக்கும் குடுத்தேன். உங்களுக்கு மட்டும்தான்னு குடுக்கல."

அவர் நோட்டை மூடி அவளிடம் நீட்டினார். "எங்க வக்கீல்கிட்ட பேசறேன்" என்றார்.

படிக்கட்டில் அந்தப் பெண் மூச்சிரைக்கப் பின்னால் வந்தாள். "அக்கா, உங்க வீடியோ பார்த்துத்தான் நான் கை வரையவே கத்துக்கிட்டேன். முப்பத்திரண்டு படத்தையும் ரெண்டு நாள்ல கோடு மாத்திக் குடுன்னு சார் சொன்னாரு. யாரோடதுன்னு கேட்டேன். உனக்கெதுக்கு அதெல்லாம்னுட்டாரு."

"தெரியும்மா. போ, உன்னைத் தேடப் போறாங்க."

எட்டாம் நாள் தளத்தில் அக்காவின் பக்கம் திரும்பி வந்தது, முப்பத்திரண்டு படங்களோடும். நிறுவனத்திலிருந்து வருத்தம் தெரிவித்துக் கடிதமும் வந்தது. முதலாளி அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் உரக்க வாசித்துக் காட்டினார். "எங்க அக்கா யாரு? பெரிய கம்பெனியையே தண்ணி குடிக்க வெச்சவங்க!" பட்டறைக்காரர் பலகையை ஒருமுறை துடைத்துவிட்டு வந்து கைகொடுத்தார். அக்காவும் சிரித்தாள். கடிதத்தின் கடைசி வரியில் மட்டும் அவள் கண் நின்றது: 'தவறு செய்த ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது.'

மறுநாள் காலை கடை திறக்கும்போது அந்தப் பெண் வாசலில் நின்றாள். கழுத்தில் அட்டை இல்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பிறர் படங்களைத் திருடியதற்காக வேலைநீக்கம் என்றிருந்தது. கீழே மேலாளரின் கையெழுத்து.

"இதைக் காட்டினா வேற எங்கயும் சேர்க்க மாட்டாங்கக்கா."

அக்கா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இங்க அதை யாரும் கேட்க மாட்டாங்க. உள்ள வா." மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கணினியைக் காட்டி, "முதலாளி, இது சும்மாதானே கிடக்கு?" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே துணியை எடுத்துத் தூசி தட்டினார்.

பெண் உட்கார்ந்து, போனை மேசைமேல் வைத்தாள். கணினி உறுமி எழுவதற்குள் போன் அதிர்ந்தது. வேலை தேடித் தரும் செயலியின் செய்தி. இருவரும் குனிந்து படித்தார்கள்.

'உங்கள் திறமைக்கு மிகவும் பொருத்தமான வேலை.' கீழே அதே நிறுவனத்தின் பெயர். 'டிசைனர் தேவை. படங்களை வேகமாக மறுவரைவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். உடனே சேரலாம்.'