மஞ்சள் விளக்கு பச்சையாகும் வரை

கொட்டாஞ்சேனையில் சவங்களை அஞ்சலிக்கு வைக்கும் அந்த மலர்ச்சாலையின் பின்மண்டபத்துக்குள் போன் சிக்னல் ஏறாது. அதனால்தான் சாவீட்டை வெளிநாட்டுக்கு வீடியோவில் காட்டும் வேலை றெஜிக்குக் கிடைத்தது. கமரா, வைஃபை எல்லாக் கேபிளும் சுவரில் உள்ள நெட்வேர்க் சுவிட்சில் வந்து சேரும்.

அன்று சவப்பெட்டியில் கிடந்தவர் ஐறீன். மகன் ஜொனாதன் இத்தாலியில், விசா இல்லாமல். வந்தால் திரும்பிப் போக முடியாது. மூடி போடுமுன் அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தான்.

ஃபாதர் கடைசிச் செபத்தைத் தொடங்க, படம் நின்றுபோனது. மகள் டெனிஷா வாசலுக்கு ஓடிப் போன் கதைத்துவிட்டு வந்தாள்.

"றெஜி அண்ணா, தம்பிக்கு ஒண்டும் தெரியேல்லையாம். அழுறான்."

சுவிட்சின் விளக்குகளெல்லாம் பேய் பிடித்ததுபோல் மின்னின. யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனையையும் இதிலேயே செருகிவிட்டார்கள். போன தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி வழியை அடைக்கிறது. அப்படிச் சுற்று விழாமல் காப்பதற்கென்றே ஸ்பேனிங் ட்ரீ என்றொரு காவல் உண்டு. "கமராவைச் செருகினா படம் வர ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று முதலாளி நச்சரித்ததில், போன மாதம் றெஜிதான் அதை நிறுத்தினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவனுக்குத் தலையாட்டியவனுக்கு அதுவும் இல்லை.

மலர்வளையங்களுக்குப் பின்னால் எந்தக் கேபிளென்று தேடுவது? லேப்டொப்பை நேரே சுவிட்சில் மாட்டிக் காவலைத் திரும்பப் போட்டான். விளக்குகள் அடங்கி மஞ்சளாயின. இனி அது ஒவ்வொரு வழியையும் சோதித்துத்தான் திறக்கும். அரை நிமிடம்.

"ஃபாதர், கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுத்தனான் மகன். மயானத்தில மற்ற ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

ஐறீனின் தங்கை இமெல்டா கேபிள்களைப் பார்த்தபடி கிட்ட வந்தார். "அந்த வயரோ மகன்? தொங்கிக்கொண்டு கிடந்தது. வடிவில்லையெண்டு நான்தான் ஓட்டையில குத்தி விட்டனான்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. முன்பே சொல்லியிருந்தால் ஓர் இழுவையில் முடிந்திருக்கும். அழுது சிவந்த அந்தக் கண்களைப் பார்க்காமல் றெஜி மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூடி இறங்கியது. ஆணிகளை முறுக்கினார்கள். பிறகு பச்சை விழுந்தது.

ஸ்பீக்கரில் ஜொனாதனின் அடைத்த குரல் வந்தது.

"ஆ, வந்திட்டுது அண்ணா. இப்ப நல்ல கிளியர்... அம்மா எங்க?"

கமராவை எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் றெஜி நின்றான்.