கஸ்தோன் வீட்டுத் திராட்சைகள்

கேக்கில் போடும் திராட்சை சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் பிரெஞ்சில் சொன்னால்தான் கேட்கும், அதுவும் இந்த உலகத்தில் ஒரே ஒருவர் சொன்னால்தான் கேட்கும் என்று கஸ்தோன் சொல்லிவந்தார். அவர் பொய் சொல்லவில்லை. பாதி ஆயுளைப் பிரெஞ்சு ராணுவத்தில் கழித்து, அஜுதான் பதவியில் ஓய்வு பெற்று, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பி மாதா கோயிலுக்குப் பின்புறத் தெருவில் குடியேறிய நாளிலிருந்து, நோயேல் என்கிற ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வீட்டு விவிக்கம் கேக்கை அவர்தான் செய்தார். வறுத்த ரவை, வெண்ணெய், சர்க்கரை, முட்டை எல்லாம் சேர்த்துக் குழைத்த மாவில், இரண்டு மாதமாக ரம்மில் ஊறிய திராட்சையைக் கொட்டுவார். எந்த வீட்டிலும் நடப்பதுபோல அது கனம் தாங்காமல் அடியை நோக்கிக் கிளம்பும். கஸ்தோன் குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, மாவுப் பேசினைப் பார்த்து ‘கார்த் அ வூ!’ என்று ஒரு அதட்டல் போடுவார். பட்டாளத்தில் விறைப்பாக நிற்கச் சொல்லும் உத்தரவு அது. திராட்சைகள் நின்ற இடத்தில் நின்றுவிடும். வெந்த பிறகு வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டிலும் அவை ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய நாள் அணிவகுப்பைப்போல வரிசை பிசகாமல் இருக்கும். ஊரில் யாரும் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் சர்வீஸ் போட்ட மனுஷனுக்கு இதுகூட வராதா என்றார்கள்.

அவருடைய மனைவி பெர்னதெத் தனியாக ஒரு சின்ன கேக் செய்வாள். திராட்சையை மைதாவில் புரட்டி மாவில் விட்டு, முதுகு வளைந்து பேசினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, “கண்ணுங்களா, எம்மா, கீழ போயிடாதீங்கம்மா, மேலயே இருங்க, உங்களுக்கு இன்னா கொறை?” என்று கெஞ்சுவாள். அவளுடைய திராட்சைகளும் மிதக்கத்தான் செய்தன. ஆனால் வரிசை இருக்காது. ஒன்று இங்கே, மூன்று அங்கே என்று மனம்போன இடத்தில் கிடக்கும். நோயேலுக்கு வரும் விருந்தாளிகள் முன்னால் கஸ்தோன் கூன் போட்டு, கைகூப்பி, மூக்கால் பேசி அவளைப்போல நடித்துக்காட்டுவார். திராட்சையின் காலில் விழுகிற குடும்பம் உருப்படுமா என்று கேட்பார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். முதல் சில வருடங்கள் பெர்னதெத்தும் சிரித்தாள்.

லேயா அவர்களுக்கு ஒரே மகள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறுவாரம், கோயில் ஆட்களோடு அரிசி மூட்டை இறக்கக் கனகசெட்டிக்குளம் மீனவக் குப்பத்துக்குப் போனவள், அரிசி தீர்ந்த பிறகும் போய்க்கொண்டிருந்தாள். 2005 கடைசியில், படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கும் செல்வகுமாரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக வீட்டில் சொன்னாள். கஸ்தோன் பாரீஸில் ரயில்வேயில் இருக்கும் ஃப்ளோரான் என்ற பையனை அவளுக்காகப் பேசிவைத்திருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார் தாமாகத் தேடிவரும் ஊர் அது. செல்வகுமாரும் பாஸ்போர்ட்டுக்குத்தான் வலை வீசுகிறான் என்று முதலில் கொதித்தார். தனக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், கடலை விட்டு எங்கும் வருவதாக இல்லை என்று அவன் சொல்லியனுப்பியதும் அதைவிட அதிகமாகக் கொதித்தார்.

“வேணாமா? நம்ம பிரெஞ்சு நஸியோனலித்தேய வேணாம்னுட்டானா? வேணாம்னு சொல்ல அவன் யாரு?”

“வேணும்னு வந்தாலும் திட்டறீங்க, வேணாம்னு சொன்னாலும் திட்டறீங்க. எதுக்குன்னு மொதல்ல நீங்க முடிவு பண்ணுங்க பப்பா,” என்றாள் லேயா.

கேக் மாவு கலக்கிய அன்று அவள் பெட்டியோடு கிளம்பினாள். கஸ்தோன் கையில் மாவோடு வாசலுக்கு வந்து ‘கார்த் அ வூ!’ என்றார். திராட்சைக்குச் சொல்கிற அதே குரல். தெருவில் போய்க்கொண்டிருந்த சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளோடு நின்றுவிட்டார். எதிர்வீட்டு நாய் உட்கார்ந்தது. லேயா நிற்கவில்லை. கஸ்தோன் அடுக்களைக்குத் திரும்பி வந்து பார்த்தபோது பேசினில் ஒரு திராட்சைகூட மேலே இல்லை.

அந்தத் தெருக்காரர்கள் கேக் டின்களில் ஆணியால் பெயரைக் கீறி, கலியபெருமாளின் பேக்கரி விறகு அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்குவது வழக்கம். அந்த வருடம் கஸ்தோனின் டின்னைக் கலியபெருமாளும் இரண்டு ஆட்களும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “இன்னா முசே, கேக்கா, அம்மிக்கல்லா? அடுப்புத் தரையே விரிசல் உட்டுடுச்சி,” என்றார் கலியபெருமாள், மூச்சு வாங்கிக்கொண்டே. டின்னை மேசைமேல் வைத்ததும் மேசைக் கால்கள் மொசைக் தரையில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கின. எல்லோரும் கோயில் நடுராத்திரிப் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் வீடும் கூடவே இறங்கத் தொடங்கி, வாசற்படி தெருவுக்குச் சமமாக வந்திருந்தது. கேக்கில் கத்தி இறங்கவில்லை. அதை நகர்த்தவும் முடியவில்லை.

மறுவருடம் முந்திரி விலை ஏறியது, வீடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் நிலத்தடி நீர்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் பெர்னதெத் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். கஸ்தோன் பெரிய மார்க்கெட் திராட்சைமேல் பழியைப் போட்டு, பிரான்சில் தூலோனில் இருக்கும் பழைய பட்டாளத்து நண்பருக்குச் சொல்லிப் பார்சலில் திராட்சை வரவழைத்தார். பிரெஞ்சுத் திராட்சைக்குமா பிரெஞ்சு தெரியாமல் போகும் என்றார். அது இன்னும் வேகமாக அடிக்குப் போனது. அதற்கு அடுத்த வருடம் ஜன்னல்கள் தெருவோடு சமமாயின. விருந்தாளிகள் குந்தி உட்கார்ந்து, ஜன்னல் கம்பி வழியாக வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். தபால்காரர் கடிதங்களைக் காலாலேயே உள்ளே தள்ளினார். ஏறிப் போன வீட்டுக்கு இறங்கிப் போக ஊர் பழகிக்கொண்டது. இன்றும் அங்கே போகிறவர்கள் படி இறங்கித்தான் போகிறார்கள். மழைத் தண்ணீர் மட்டும் உள்ளே வந்ததில்லை. அடைமழையில் கஸ்தோன் வாசலில் நின்று கையைக் காட்டினால் அது பக்கத்துச் சந்துக்குத் திரும்பிவிடும். தண்ணீர் இன்னும் அவர் பேச்சைக் கேட்டது. திராட்சைதான் கேட்கவில்லை. மகளைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெர்னதெத் சந்தைக்குப் போவதாகச் சொல்லிக் கனகசெட்டிக்குளத்துக்குப் பஸ் ஏறுவது அவருக்குத் தெரியும். அந்த நாட்களில் அவர் வாங்கிவரச் சொன்ன காய்கறி எதுவும் வராது. ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதும் கிடையாது.

2008ஆம் வருட நோயேலுக்கு முந்தின நாள், பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு கஸ்தோன் ரவை வறுத்துக்கொண்டிருந்தார். பெர்னதெத் வெளியே போகும் புடவையோடு அடுக்களைக்கு வந்து, ரம்மில் ஊறிய திராட்சை இருந்த பீங்கான் ஜாடியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“இன்னும் ஒரு கேக்க இந்த வூடு தாங்காதுங்க. நீங்க உத்தரவு போட்டுக்கினே உள்ள போங்க. நான் எம் பொண்ணாண்ட போறேன்.”

“போறவ ஜாடிய வச்சிட்டுப் போ.”

“இது எங்கம்மா வூட்டு ஜாடி. உங்க உத்தரவு இதுக்கு இல்ல.”

“போ, போ. அங்க போயி திராட்சைக்குக் கால் புடிச்சி உடு.”

“புடிப்பேன். புடிச்சா நான் கொறைஞ்சா பூடுவேன்?”

அவள் படி ஏறித் தெருவுக்குப் போனாள். ஜன்னலில் அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்து, பிறகு அதுவும் தெரியாமல் போனது. கஸ்தோன் ரவையை வறுத்து முடித்தார். அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு மனிதர் தனியாக இருந்தால் எவ்வளவு இருட்டாக இருக்கும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, எதிர்ப்பட்ட கலியபெருமாளிடம், ஜாடியை வாங்கிவரப் போவதாகச் சொன்னார். கலியபெருமாள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பஸ்ஸில் அவர் உட்கார்ந்த பக்கமே வண்டி சாய்ந்தது. “பெருசு, இப்டி நடுவுல வந்து குந்து, வண்டி ஒரு பக்கமா இஸ்க்குது,” என்றார் கண்டக்டர். காலாப்பட்டில் பல்கலைக்கழக மாணவர்கள் இறங்கியதும், அவர் கனத்துக்கு ஈடுகட்ட ஆளில்லாமல், பின் டயர்கள் சேற்றில் உருள்வதுபோல உருண்டன. மூன்று வருடத்துக் கேக்கும் தனக்குள்ளேதான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. வழி நெடுக அவர் பிரெஞ்சில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனார். அது ஜாடியில் தொடங்கி, ஒழுக்கத்தின் அவசியம் வழியாகச் சுற்றி, மகள் வீடு திரும்பவேண்டும் என்ற உத்தரவில் முடிந்தது. நல்ல வாக்கியம். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

கனகசெட்டிக்குளத்தில் தார்ச்சாலையை விட்டு மணலில் கால் வைத்ததும் முழங்கால்வரை புதைந்தார். அடுத்த அடியில் தொடைவரை. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் செல்வகுமாரைக் கூப்பிட்டார்கள். அவன் பார்த்துவிட்டுப் போய்க் கயிற்றையும், படகு கரையேற்றும்போது அடியில் போடும் கட்டைகளையும் எடுத்துவந்தான். “மாமா, காலை ஆட்டாதீங்க, இன்னும் உள்ள பூடுவீங்க,” என்றான். மாமா என்று யாரும் அவரை அதுவரை கூப்பிட்டதில்லை. படகு இழுக்கிறவர்கள் வந்து, படகு இழுக்கிற சத்தத்தோடு, அவரை வீட்டு வாசல்வரை இழுத்துச் சேர்த்தார்கள். வாசலில் செல்வகுமாரின் அம்மா அங்கம்மாள் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னா முசே, மூணு வருசமா பஸ்ஸு கெடைக்கலியா?” என்றாள். பிறகு, “உள்ள போங்க, அங்க ஒரே சண்டை,” என்றாள்.

கடல் வந்துபோன பிறகு கட்டிக்கொடுத்த வீடு அது. ஒரே அறை, சிமெண்டுத் தரை. நடுவில் அலுமினியப் பேசினில் கேக் மாவு. சுவரோரம் பெர்னதெத் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ கெஞ்சக் கூடாது, என் வீட்டுத் திராட்சை என் பேச்சைக் கேட்கும் என்று மகள் அவளை உட்காரவைத்திருந்தாள். லேயா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குதிகால்கள் சேர்ந்திருந்தன. நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“கார்த் அ வூ!” என்றாள்.

கஸ்தோன் தன் குரலை முதல் முறையாக வெளியிலிருந்து கேட்டார். அவருடைய கால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. திராட்சைகள் ஒவ்வொன்றாக அடிக்குப் போயின. பேசினுக்குக் கீழே தரையில் மயிரிழையாக ஒரு விரிசல் விழுந்து, லேயாவின் வெறுங்காலை நோக்கி மெதுவாகப் போனது. அவள் அதைப் பார்க்கவில்லை. மறுபடியும் உத்தரவு போட்டாள், இந்தத் தடவை இன்னும் சத்தமாக. பேசின் ஒரு விரல் தாழ்ந்தது. அடுத்தது மேசை, அதற்கடுத்தது வாசற்படி, பிறகு ஜன்னல் என்று இனி நடக்கப்போவது முழுவதும் கஸ்தோனுக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல்தான் இருந்தது.

அவர் உள்ளே வந்தார். லேயா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் இறுகியது. அவருடைய வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். கஸ்தோன் வாயைத் திறந்தார். பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் அங்கேயேதான் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டார், தரை நெரிந்தது. முதுகை வளைத்துப் பேசினுக்குள் முகத்தைக் கொண்டுபோனார். கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு தாமாகவே கூப்பிக்கொண்டன.

“கண்ணுங்களா,” என்றார். தமிழில்தான் சொன்னார். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலச் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது. “எம்மா, மேல வாங்கம்மா. நான் கத்த மாட்டேன். கீழ ரொம்ப இருட்டு, நான் அங்கதான் இருக்கேன், எனக்குத் தெரியும். வரிசையா நிக்க வேணாம். உங்க இஷ்டம்போல எங்க வேணும்னாலும் நில்லுங்க. மேல மட்டும் வந்துடுங்க.”

பெர்னதெத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதற்கா, மற்றதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. லேயா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் மாவு அப்படியே கிடந்தது. பிறகு ஓரமாக ஒரு திராட்சை தலையை நீட்டியது. எதிர்ப்பக்கம் இரண்டு வந்தன. அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல், மேலே வந்துகொண்டே இருந்தன.

அங்கம்மாள் மீனிலிருந்து தலையைத் தூக்காமல் வாசலிலிருந்து, “வந்துடுச்சில்ல? லேயா, டின்னுல வெண்ணெயத் தடவும்மா, தணலு ஆறுது,” என்றாள். செல்வகுமார் கேக் சுட மணல் போட்ட குண்டானை அடுப்பில் ஏற்றினான். லேயா தரையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு வெண்ணெய் தடவினாள். கஸ்தோன் நிமிரவில்லை. அடியில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதனோடு பேசிக்கொண்டிருந்தார்.